தன் பிள்ளை தானே வளருமா?

பத்திரிகைகளில் வெளியாகும் பேட்டிகளை நான் விடாமல் படிக்கிறவன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு மனிதர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லிக் கொள்கிறார்கள் என்பது தொழில் சம்பந்தமான படிப்பு. ஆனால் இத்தனை வருஷப் படிப்பில் ஒரே ஒரு கேள்வியைக் கண்டு எனக்குச் சலிப்பு உண்டாகி, அந்தச் சலிப்பு இப்போது கோபமாகவும் முற்றிவிட்டது.

ஒரு பெண்மணி டாக்டராக இருப்பார். அல்லது கலெக்டராக, விஞ்ஞானியாக, பாங்கு அதிகாரியாக இருப்பார். அவர் செய்த காரியத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்பார்கள். ஐந்தாவதாக, அச்சில் வார்த்தாற்போல், அந்தக் கேள்வி வந்து நிற்கும்: "உத்தியோகத்தையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" அந்த அம்மையார் புன்னகை புரிவார். "என் கணவர் ரொம்பவும் ஒத்துழைப்புத் தருகிறார்" என்பார். "என் மாமியார் தங்கமானவர்" என்பார். பேட்டி சுபமாக முடியும்.

அதே இதழில் இன்னும் நாலு பக்கம் தள்ளி ஓர் ஆண் டாக்டரின் பேட்டி இருக்கும். அவருக்கும் இரண்டு குழந்தைகள். அவருக்கும் ஒரு வீடு, ஒரு சமையலறை, வயதான தாயார். அவரிடம் கேட்கிற ஐந்தாவது கேள்வி என்ன தெரியுமா? "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?"

ஒருத்திக்குச் சமாளிப்பு; ஒருவருக்கு ஓய்வு நேரம். இந்த இரண்டு கேள்விகளும் ஒரே பேனாவிலிருந்து பிறக்கின்றன. பெண்ணைப் பெருமைப்படுத்துகிறோம் என்ற நினைப்பில்தான் அந்தக் கேள்வியை நாம் கேட்டு வருகிறோம். என் கட்சி என்னவென்றால், அதைக் கேட்பதையே நாம் நிறுத்த வேண்டும். ஏனெனில், வீட்டுக்குள் நடந்த ஒரு பெரிய கணக்கைப் பார்க்கவிடாமல் மூடி வைக்கும் மூடி அது.

முதலில் அந்தச் சொல்லைப் பாருங்கள். சமாளிப்பது என்று நாம் எதைச் சொல்கிறோம்? கடன்காரன் வாசலில் நிற்கும்போது சமாளிக்கிறோம். மழையில் கூரை ஒழுகினால் பாத்திரத்தை வைத்துச் சமாளிக்கிறோம். சொல்லாமல் விருந்தாளி வந்துவிட்டால் ரசத்தில் தண்ணீரை விட்டுச் சமாளிக்கிறோம். ஒரு நாள், இரண்டு நாள் நெருக்கடிக்கு வைத்த பெயர் அது. அதை எடுத்து ஒருத்தியின் முப்பது வருஷ வாழ்க்கைக்குப் பெயராகச் சூட்டிவிட்டோம். முப்பது வருஷம் ஒழுகுகிற கூரையைப் பற்றி, பாத்திரம் வைத்தவளின் சாமர்த்தியத்தை மட்டும் புகழ்வது என்ன நியாயம்? கூரையை வேய வேண்டியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லையே!

இப்போது புதிதாக ஒரு சொல்லும் வந்திருக்கிறது. 'சமநிலை' என்கிறார்கள். தராசு மாதிரி ஒரு தட்டில் உத்தியோகம், ஒரு தட்டில் குடும்பம், நடுவில் முள் ஆடாமல் நிற்க வேண்டுமாம். கடையில் நிறுக்கும்போது நாம் இரண்டு தட்டையும்தான் பார்க்கிறோம்; தராசைத் தூக்கிப் பிடித்திருக்கும் கை வலிக்கிறதா என்று பார்ப்பதில்லை. குடும்பங்களிலும் அப்படித்தான். முள் நேராக நின்ற வீடுகளில் எல்லாம், பெயர் தெரியாத ஒரு கை அதைப் பிடித்துக் கொண்டிருந்தது. அந்தக் கை யாருடையது என்பதை அறிய ஒரு வழி உண்டு. அதைச் சொல்வதற்கு உங்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போக வேண்டும்.

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயில் பாதையில் பொம்மிடி என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கி பஸ் ஏறினால் பாப்பிரெட்டிப்பட்டி. ஒரு பக்கம் சேர்வராயன் மலை. அந்த மலையிலிருந்து இறங்கி வரும் வாணியாறு. அதற்கு மலையடிவாரத்தில் ஓர் அணை. வெற்றிலைக் கொடிக்கால்களும் மரவள்ளிக் காடுகளும் புளிய மரங்களும் உள்ள பிரதேசம். அங்கேதான் என் அக்காள் வாழ்க்கைப்பட்டாள். 1982-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி சத்துணவுத் திட்டம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தொடங்கியபோது, பக்கத்துக் கிராமத்துப் பால்வாடியில் அவளுக்கு ஆயா வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதே வேலைதான். ஊரும் அவளை ஆயா என்றது. பிறகு பிறந்த பேத்தியும் அந்தப் பக்கத்து வழக்கப்படி ஆயா என்றே அழைத்தாள்.

அந்தப் பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் அவளுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் வேலைக்குப் போன மூத்தவர் ஒருவரைப் பேட்டி கண்டு எழுதி வர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். பிள்ளைகள் கிழவிகளோடு உட்கார்ந்து பேசுவதற்கு இந்தக் காலத்தில் இப்படி ஒரு கட்டாயமாவது தேவைப்படுகிறது. ஆனால் பத்துக் கேள்விகள் அச்சடித்த தாளையும் கூடவே கொடுத்தனுப்பிவிட்டார்கள். முதல் கேள்வி எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஆயா, வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமநிலைப்படுத்தினீங்க?" என்று வாசித்தாள் பெண்.

"அப்படின்னா என்ன கண்ணு?"

"ரெண்டையும் எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேக்கறாங்க."

"சமாளிச்சேன். வேற என்ன பண்றது?"

பெண் எழுதிக் கொண்டாள். 'இளைய தலைமுறைக்கு உங்கள் அறிவுரை' என்ற பத்தாவது கேள்வி வரைக்கும் கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். முப்பது வருஷ வாழ்க்கை ஒரு தாளில் அடங்கிவிட்டது. அதிலும் பாதித் தாள் மிச்சம்.

திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "பாப்பா, அந்தத் தாளை மடிச்சு வை. காலையிலே எத்தனை மணிக்கு எழுந்தீங்க, முதல்லே என்ன செஞ்சீங்கன்னு கேளு. அதுக்கு அப்புறம் என்ன, அதுக்கு அப்புறம் என்னன்னு கேட்டுக்கிட்டே போ" என்றேன்.

அதற்குப் பிறகு அக்காள் பேசினாள். நாலு மணிக்கு எழுந்திருப்பது, கிணற்றிலிருந்து ஆறு குடம் தண்ணீர், சாணி தெளித்துக் கூட்டுவது, களி கிண்டுவது, எட்டு மணிக்குள் பால்வாடி. அங்கே விறகு அடுப்புப் புகையில் மறுபடியும் சமையலுக்கு உதவி. முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி, கால் கழுவி, சோறு ஊட்டி, தூங்க வைப்பது. மூன்று மணிக்குமேல் வீடு. அந்தப் பிள்ளைகளில் பலரின் பெயர்கள் அவளுக்கு இன்றும் வரிசையாக நினைவிருக்கின்றன.

"அப்போ உங்க குழந்தைங்க எல்லாம் எங்கே இருந்தாங்க, ஆயா?" என்று பேத்தியே கேட்டாள். அந்தக் கேள்வி தாளில் இல்லாதது.

"சின்னவன் ஒன்பது மாசக் குழந்தை. பால்வாடியிலே ரெண்டு வயசு ஆனாத்தானே பேர் எழுதுவாங்க?"

"அப்போ அவனை யார் பாத்துக்கிட்டாங்க?"

அக்காள் பதில் சொல்லவில்லை. நடையில் என் மருமகள், அதாவது அந்தப் பெண்ணின் தாய், புளி தட்டிக் கொண்டிருந்தாள். ஓட்டை உடைத்து, நாரை எடுத்து, கொட்டையை நீக்கி, கிலோவுக்கு இவ்வளவு என்று மண்டிக்காரருக்குச் செய்து கொடுக்கிற வேலை. தலையை நிமிர்த்தாமலே அவள் சொன்னாள்: "நான்தான். மூணாவது பாதியிலே நிறுத்திட்டாங்க. அந்த வருஷந்தான் பள்ளிக்கூடத்திலே மத்தியானச் சோறு போட ஆரம்பிச்சாங்க. எனக்கு எட்டு வயசு. நான் ஒரு நாள்கூட அந்தச் சோத்தைச் சாப்பிட்டதில்லே."

வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு கணம் நின்று கணக்கைப் பார்க்க வேண்டுகிறேன். இரண்டு முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குப் பால்வாடியிலும், ஐந்து முதல் ஒன்பது வரை உள்ளவர்களுக்கு ஆரம்பப் பள்ளியிலும் உணவு என்பது அன்றைய ஏற்பாடு. ஏழைப் பிள்ளைகள் பசியின்றிப் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நாடு போற்றத்தக்க காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் திட்டத்தில் சோறு போடத் தாய் போனாள். தாய் போனதால், சோறு சாப்பிட வேண்டிய மகள் பள்ளியை விட்டு நின்றாள். தராசு நேராக நின்றது. பிடித்துக் கொண்டிருந்தது ஓர் எட்டு வயதுக் கை.

பேத்தி கொண்டுவந்த தாளின் தலைப்பில், 'தாயின் தொழில்' என்ற இடத்தில், 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தாள். எட்டு வயதில் தொடங்கி இன்று வரை ஒரு நாள்கூட வேலை செய்யாமல் உட்கார்ந்திராத ஒருத்தியைப் பற்றி அப்படி எழுதியிருந்தாள். பேட்டி காண வேண்டியவர் யார் என்பதே கேள்வித்தாளுக்குத் தெரியவில்லை!

இன்னொருவரும் அங்கே இருந்தார். கயிற்றுக் கட்டிலில் அக்காளின் வீட்டுக்காரர். அந்த நாளில் கொடிக்காலில் வேலை செய்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து படுப்பவர். "மாமா, கொடிக்காலையும் குழந்தையையும் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று நான் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன மாப்ளே, என்னைப் போய்க் கேக்கறீங்க? ஆம்பளை கையிலே கைக்குழந்தையை யார் குடுப்பாங்க?" என்றார். அவர் கெட்டவர் அல்லர், குடிப்பவர் அல்லர், அடிப்பவர் அல்லர். வீட்டில் மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒரு தகப்பன் படுத்திருந்தார்; அதே வீட்டில் ஒரு சிறுமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்; இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. தோன்றாதபடி செய்த அந்தப் புகழ்ச்சியின்மேல்தான் கோபம்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று பழமொழி சொல்லி நம்மவர்கள் இதற்குச் சமாதானம் தேடுவார்கள். தன் பிள்ளை தானே வளராது. யாரோ ஒருத்தி தன் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு வந்துதான் அதை வளர்க்கிறாள். இந்தப் பழமொழிக்கு வேறொரு பொருளும் சொல்வார்கள். ஊரார் பிள்ளை என்றது மனைவியை. கருவுற்ற மனைவியை ஊட்டி வளர்த்தால் வயிற்றிலுள்ள தன் பிள்ளை தானே வளரும் என்பது கணவனுக்குச் சொன்ன புத்திமதி என்பார்கள். அப்படியானால் ஊட்ட வேண்டியவன் ஆண்! அவனுக்குச் சொன்ன புத்திமதியைப் பெண்ணின் தலையில் ஏற்றி, அவளை ஊருக்கெல்லாம் ஊட்ட வைத்துவிட்ட சாமர்த்தியம் நம்முடையது.

'ஒரு வீட்டுக் கதையை வைத்து ஊரைப் பேசலாமா?' என்று கேட்பீர்கள். இந்திய சர்க்கார் வீடு வீடாகப் போய் நேரக் கணக்கு எடுத்திருக்கிறது. 2019-ஆம் வருஷத்துக் கணக்கில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிஷம்; வீட்டு வேலை செய்கிற ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிஷம். ஆண்களுக்கு 88 நிமிஷம். ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிஷம். மூன்றில் ஒரு பங்குகூடச் செய்யாத ஆணுக்குக் குறைந்தது ஒன்பது நிமிஷம்! அன்றியும், இந்த 88 நிமிஷம் எல்லா ஆண்களுக்கும் உரியதல்ல. வீட்டு வேலையில் ஏதாவது ஒன்றைச் செய்கிறவர்களுக்கு மட்டும். அப்படிச் செய்கிற ஆண்கள் நூற்றுக்கு 27 பேர். பெண்கள் நூற்றுக்கு 81 பேர். மீதி 73 ஆண்கள் கணக்கெடுத்த நாளில் ஒரு டம்ளரையும் கழுவவில்லை. அவர்களில் யாரிடமும் எந்தப் பத்திரிகையும் 'எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' என்று கேட்கப் போவதில்லை. சமாளிக்க அவர்களுக்கு என்ன இருக்கிறது?

தர்மபுரி மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு சரித்திரமே உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலாக அந்த மாவட்டத்தில்தான், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. பெண்கள் கையில் பணம் புழங்கியது; பாங்கின் படி ஏறினார்கள்; கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வாரக் கூட்டத்துக்குப் போய் வந்த பெண் வீட்டுக்கு வந்து அதே குடத்தைத்தான் தூக்கினாள். கடனைக் கட்டுவது என்று மூன்றாவது சுமை ஒன்று சேர்ந்தது. பழைய இரண்டில் ஒன்றையும் யாரும் இறக்கி வைக்கவில்லை.

2023-ஆம் வருஷம் ஜூலை 24-ஆம் தேதி, மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாம்களை முதலமைச்சர் தொடங்கி வைத்ததும் அதே மாவட்டத்தில், தொப்பூரில்தான். மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய் அதிகமா, கொஞ்சமா என்று வழக்காடுகிறவர்கள் வழக்காடட்டும். எனக்குப் பெரிதாகப் பட்டது 'உரிமை' என்ற பெயர். உதவி என்றோ இனாம் என்றோ சொல்லாமல், வீட்டில் ஒருத்தி செய்வதும் வேலைதான் என்று ஒரு சர்க்கார் எழுதி வைத்தது. சர்க்காருக்குப் புரிந்தது நம் கூடத்துச் சாய்வு நாற்காலிக்கு இன்னும் புரியவில்லையே!

சர்க்காரும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிடவில்லை. அங்கன்வாடிப் பெண்களை நெடுங்காலம் 'கௌரவ ஊழியர்' என்றே அழைத்தார்கள். அவர்கள் பெறுவதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, மதிப்பூதியம். மதிப்பும் கௌரவமும் வாரி வழங்கப்பட்டன; பணிக்கொடை மட்டும் கிடையாது. 2022-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, அவர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு பெண்ணின் வேலைக்குக் கௌரவப் பெயர் சூட்டுகிறார்கள் என்றால், கூலிப் பட்டியலை ஒரு தரம் சரி பார்த்துக்கொள்வது நல்லது. 'தியாகம்', 'பொறுமை', 'சமாளிப்பு' எல்லாம் அந்த வகைப் பெயர்கள்.

சரியான கேள்வியைக் கேட்டால் சட்டமும் சரியாகப் பேசும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். 2005-இல் நூறு நாள் வேலைச் சட்டத்தை எழுதியபோது அதில் ஒரு விதி வைத்தார்கள். வேலைத் தலத்துக்குப் பெண்கள் அழைத்து வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தப் பெண்களிலேயே ஒருத்தியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நியமித்து, அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும். 'தாய் எப்படிச் சமாளிப்பாள்?' என்று கேட்டிருந்தால் இந்த விதி பிறந்திராது. 'குழந்தையை யார் பார்ப்பது?' என்று கேட்டதால் பிறந்தது.

இது வரைக்கும் படித்துவிட்டு, 'பாவம், கிராமத்து ஏழைகள்' என்று பெருமூச்சு விடும் வாசகர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுத் தராசை யார் பிடித்திருக்கிறார்கள்? காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மாள் வருகிறாள். அவள் நாலு நாள் வராவிட்டால் உங்கள் வீட்டுச் சமநிலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவள் உங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவளுடைய குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்புவது யார்? பத்திரிகையில் உங்கள் பேட்டி வந்தால், கணவருக்கு ஒரு நன்றி, மாமியாருக்கு ஒரு நன்றி. அந்த அம்மாளுக்கு? நம் நாட்டில் உத்தியோகம் பார்க்கும் பெண்ணின் வெற்றிக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு பெண் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழையான ஒருத்தி. கடைசியில் போய்ப் பார்த்தால் பள்ளிக்குப் போகாத ஒரு சிறுமி. ஆண் இந்த வரிசையில் எங்கேயும் நிற்பதில்லை. 'ஒத்துழைப்பு' என்ற மாலையை வாங்கிக்கொள்ள மட்டும் மேடைக்கு வருகிறான். தன் குழந்தைக்குத் தான் சோறு ஊட்டுவதற்கு 'உதவி' என்று பெயர் வைத்துக்கொண்ட பிராணி உலகத்தில் அவன் ஒருவன்தான்.

'குடும்பத்தில் போய்க் கணக்குப் பார்ப்பதா? பாசம் என்ன ஆவது?' என்று சிலர் பதறுவார்கள். பால் கணக்கு வைக்காத வீடு உண்டா? பத்திரிகைக் கணக்கு, சலவைக் கணக்கு, கல்யாண மொய்க் கணக்கு எல்லாவற்றுக்கும் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மொய் எழுதியதால் பாசம் குறைந்துவிடவில்லை. பெண்ணின் நேரக் கணக்கை எழுதினால் மட்டும் பாசம் கெட்டுப்போகும் என்றால், அந்தப் பாசம் யாருக்குச் சௌகரியமாக இருந்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

'அவர்களே குறை சொல்லவில்லையே, சந்தோஷமாகத்தானே சொல்கிறார்கள்?' என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான். என் அக்காள் தன் வேலையைப் பற்றி அழுதுகொண்டு பேசவில்லை, பெருமையோடு பேசினாள். அந்தப் பெருமை அவளுக்கு உரியது. அதைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. அவளுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் ஒருத்தியின் பெருமையை மதிப்பது வேறு. அதைக் காட்டி அடுத்தவளையும் அதே நுகத்தில் பூட்டுவது வேறு. 'உன் ஆயா சமாளிக்கவில்லையா? நீயும் சமாளி' என்று பேத்தியிடம் சொல்வதற்குத்தான் நாம் இந்தப் பேட்டிகளைப் பயன்படுத்துகிறோம்.

1975-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் இரண்டு தேசங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டாம் தேதி நம் தேசத்தில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. அதே மாதம் 24-ஆம் தேதி ஐஸ்லாந்து என்ற குளிர் தேசத்தில், பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரு நாள் முழுதும் வேலையை நிறுத்தினார்கள்: ஆபீஸ் வேலையை, அடுப்பு வேலையை, குழந்தை வேலையை. அன்று அப்பாமார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். தராசைப் பிடித்திருந்த கை எது என்பது ஒரே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மறு வருஷம் ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. ஐந்து வருஷத்தில், 1980-இல், விக்டிஸ் என்ற ஒரு பெண்மணியை அந்த மக்கள் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 'எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த பதில் அது. 'ஒரு நாள் சமாளிக்காமல் இருந்து காட்டுகிறோம், பாருங்கள்.'

நம்மிடமும் சரியாகக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914-இல் மணம் புரிந்துகொள்ளும் முன்பே, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் நிபந்தனை விதித்தார். கேள்வி கேட்கப்பட வேண்டியவர் யார் என்பது அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே நேரில் சென்று பேசிக் கேட்டுத்தான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். மைதிலி சிவராமன், குடும்பத்தாரின் நினைவில் நோயாளியாகவும் வாய் பேசாதவராகவும் ஒதுங்கியிருந்த தம் பாட்டி சுப்புலட்சுமியின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தேடி எடுத்து, 2006-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக்கினார். அந்தக் காகிதங்களிலிருந்து எழுந்து வந்த பெண், நிறையப் படித்தவர். உலக விஷயங்களைப் பற்றித் தமக்கென்று அபிப்பிராயம் வைத்திருந்தவர். தம் மகளின் படிப்புக்காகப் போராடியவர். 'பாட்டி எப்படிச் சமாளித்தார்?' என்று தேடியிருந்தால் அந்தப் பெண் கிடைத்திருக்க மாட்டார்.

ஆகவே, பேட்டி காணப் பிள்ளைகளை அனுப்பும் ஆசிரியர்களுக்கும், மகளிர் மலர் தயாரிக்கும் பத்திரிகாசிரியர்களுக்கும் என் விண்ணப்பம் இது. அந்தப் பழைய கேள்வியை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: காலையில் எழுந்தது எத்தனை மணிக்கு, படுத்தது எத்தனை மணிக்கு? நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் வீட்டு வேலையை யார் செய்தார்கள்? அதற்காக அவர்கள் எதை விட்டார்கள்? சம்பளப் பணம் யார் கையில் இருந்தது? செய்ய விரும்பி, செய்ய முடியாமல் போனது எது? இந்த ஐந்தையும் தாயிடம் கேட்ட பிறகு, தாளைத் திருப்பித் தகப்பனாரிடமும் ஒன்று விடாமல் கேட்க வேண்டும். அவர் சிரித்தால், சிரித்தார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் பதில்தான்.

பழைய கேள்வியை விட மனம் வராதவர்களுக்கு ஒரு சலுகை தருகிறேன். ஒரே ஒரு வருஷம், எந்தப் பெண்ணிடமும் கேட்காமல், அதை ஆண்களிடம் மட்டும் கேட்டு வாருங்கள். மந்திரியிடம், மில் முதலாளியிடம், சினிமா நடிகரிடம், நாவலாசிரியரிடம், "உத்தியோகத்தையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டு, வருகிற பதிலை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அச்சிடுங்கள். இத்தனை நாள் அந்தக் கேள்வி யாரைக் காப்பாற்றி வந்தது என்பது, வருஷம் முடிவதற்குள் வாசகர்களுக்கே தெரிந்துவிடும்.